ஊட்டிக்கு மூன்று நாள், அப்பாவுடன்: ஊரை எப்படிப் பார்ப்பது?

மரத்தூள்:

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரி இரண்டாம் வாரம் அப்பாவை ஊட்டிக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். திருச்சியிலிருந்து கிளம்புகிறோம். அப்பாவுக்கு 68 வயது, நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நன்றாக நடப்பார், ஏற்றம் என்றால் நின்று நின்றுதான் ஏறுவார்.

நான்கு வருடம் முன்பு மே மாதத்தில் ஒரு வேன் பேக்கேஜில் குடும்பத்தோடு போனோம். ஒரே நாளில் ஒன்பது 'பாயிண்ட்'. தொட்டபெட்டாவில் பத்து நிமிடம், ஏரியில் படகு வரிசையிலேயே ஒரு மணி நேரம், கடைசியில் ஏதோ ஒரு சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் இறக்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஊரு எங்கடா இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு இந்தத் தடவையாவது பதில் வேண்டும். பழைய ஊர், அதைச் சுற்றி இருக்கும் காடு, இரண்டையும் அவசரமில்லாமல் பார்க்க வழி சொல்லுங்கள். கார் இல்லை. தேவைப்பட்டால் அங்கே வாடகை வண்டி எடுத்துக்கொள்வோம்.

பல்சக்கரம்:

முதலில் ரயிலை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும் மலை ரயிலுக்கு முன்பதிவு திறந்ததும் சீட்டு எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் கிடைக்காது.

46 கிலோமீட்டர் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நிறைய பேர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். உங்கள் அப்பா தச்சர் என்கிறீர்களே, அவருக்கு இந்த ஐந்து மணி நேரமும் போதாது பாருங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஆரம்பமாகும். ஒன்று இல்லை, இரண்டு சட்டம் அருகருகே. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம் இருக்கும். அதனால் எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே இருக்கும். பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏறும் சரிவு அது. ஆசியாவிலேயே மிகச் செங்குத்தான ரயில் பாதைகளில் இதுவும் ஒன்று. எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக் ஊழியர் கொடியோடு நிற்பார்.

குன்னூர் வரை 1899இல் திறந்தார்கள், ஊட்டி வரை ஓடியது 1908இல். 208 வளைவு, 16 குகை, 250 பாலம். 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது. ஏறும்போது இடப்பக்கம் உட்காருங்கள், பள்ளத்தாக்கு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அப்போது இறங்கிப் போய்ப் பாருங்கள்.

குன்னூர்வாசி:

ஜனவரி நல்ல தேர்வுங்க. குளிர் மட்டும் பத்திரம். உறைபனிக் காலம் அது. தலைகுந்தா பக்கம், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். பார்க்க அழகுதான், எங்களுக்குத் தேயிலைக் கொழுந்து கருகிவிடும். ஆறரை மணிக்கு வெளியே வந்தால் பார்க்கலாம், வெயில் ஏறினால் போய்விடும். அப்பாவுக்குக் குல்லாவும் கம்பளிச் சாக்ஸும் இல்லாமல் கூட்டி வராதீர்கள்.

மழையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குழப்பம் எப்போதும் உண்டு, இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு படிப்பவர்களுக்கும் உதவும். 'நீலகிரியில் மழையா' என்று மொத்தமாகக் கேட்கக் கூடாது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், நடுவில் சுவர் மாதிரி நிற்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை அவலாஞ்சி, கூடலூர் பக்கத்தைப் போட்டு அடிக்கும். அதே நாளில் கோத்தகிரியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அக்டோபர், நவம்பர் என்றால் தலைகீழ். குன்னூர், கோத்தகிரி பக்கம் கொட்டும், மண் சரிந்து மலை ரயில் நிற்கும். எந்த மாதம் வருகிறோம் என்று பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

அப்புறம் இ-பாஸ். 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இது கட்டாயம், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 கோடை சீசனில் ஒரு நாளைக்கு வாரநாளில் 6,000 வாகனம், வாரக்கடைசியில் 8,000 என்று எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டார்கள். ரயிலிலோ அரசுப் பேருந்திலோ வந்தால் பாஸ் வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் பை எதுவும் கொண்டுவராதீர்கள், இங்கே தடை. எவர்சில்வர் பாட்டில் போதும்.

வரலாற்று டீச்சர்:

உங்கள் அப்பாவின் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் பள்ளி மாணவிகளை ஆறு முறை அழைத்துப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் இடம் புனித ஸ்தேவான் ஆலயம்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் வெளிர் மஞ்சள் நிறத்தில் ஒரு சாதாரணக் கோயில் போலத்தான் தெரியும். 1829இல் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டரன்று மக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே இருக்கும் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மஹால் அரண்மனையைப் பிரித்து எடுத்தவை. யானைகளை வைத்து மலைக்கு மேலே இழுத்து வந்தார்கள். ஒரு தச்சருக்கு இதைவிடப் பெரிய காட்சி அந்த ஊரில் இல்லை என்பேன்.

ஆலயத்துக்குப் பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். கல்லில் வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் மனசு கனத்துப்போகும். அத்தனை சின்னக் குழந்தைகள். உடம்பு தேற வேண்டும் என்று சமவெளியிலிருந்து தூக்கி வந்திருப்பார்கள்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே நீலகிரி நூலகம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்த 1860களின் சிவப்புக் கட்டடம். உறுப்பினர்களுக்கான இடம், வெளியே நின்று பார்த்தாலே போதும். பிறகு சேரிங் கிராஸில் ஆடம்ஸ் நீரூற்று. இவ்வளவும் சேர்த்து அரை நாள். சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அது மேட்டில் இருப்பதால் அதற்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊட்டி பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அப்பாவிடம் சொல்லுங்கள், நாம் நிற்பது ஏரிக்குள் என்று. 1823 முதல் 1825 வரை ஓடைகளை மறித்து சல்லிவன் வெட்டிய ஏரி இன்று இருப்பதைவிட மிகப் பெரியது. பேருந்து நிலையம், பந்தய மைதானம் எல்லாம் பிறகு அந்த ஏரியிலிருந்து எடுத்த நிலம். படகு விடும் இடத்தில் நிற்கும் தண்ணீர் அதில் மிச்சம்.

இரண்டு வாண்டுகளின் அம்மா:

டீச்சர் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் பூங்காவையும் தொட்டபெட்டாவையும் யாருமே பேசவில்லையே? 'பாயிண்ட்' என்றாலே மட்டம் என்கிற மாதிரி இழை போகிறது. என் பிள்ளைகளுக்கு ஊட்டி என்றால் தாவரவியல் பூங்காவின் புல்வெளிதான். உருண்டு விளையாடினார்கள், மூன்று மணி நேரம். அதில் என்ன குறை?

வரலாற்று டீச்சர்:

குறையே இல்லை சகோதரி, நான் விட்டது தப்புதான். தாவரவியல் பூங்கா அந்த ஊரின் வரலாற்றில் பாதி. 1848இல் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் ஒரு சதுப்பும் காடுமான சரிவைப் படிப்படியாக வெட்டி உருவாக்கியது, 22 ஹெக்டேர். இரண்டு கோடி ஆண்டு பழைய கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்று அங்கே கிடக்கிறது. பெரும்பாலானவர்கள் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் மரத்தின் ரேகை கல்லில் தெரியும்.

மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாவை நீலகிரியில் பயிராக்கியதும் அதே மெக்ஐவர்தான். நடுவட்டம் வழியாகக் கூடலூர் போகிறவர்கள் அங்கே பழைய சிறை ஒன்றைப் பார்க்கலாம். சின்கோனாத் தோட்டத்தில் வேலை வாங்குவதற்காகச் சீனக் கைதிகளை அடைத்து வைத்த இடம்.

சோலைவழி:

இயற்கை என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நான் பதில் சொல்கிறேன். ஊட்டியில் இறங்கியதும் கண்ணில் படும் உயரமான மரங்கள், யூகலிப்டஸ், பைன், சீகை (வாட்டில் மரம்), எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் நட்ட சீகை, புல்வெளி புல்வெளியாக விழுங்கிவிட்டது. பழைய நீலகிரி என்றால் புல்வெளியும் சோலையும்தான். மலை முதுகெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் குட்டையான அடர்ந்த காடு. அந்தச் சோலைக்குள் மழைநீர் மெத்தை மாதிரி ஊறிக்கிடந்து, கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு இறங்கும். பவானியில் கோடையிலும் தண்ணீர் ஓடுகிறதென்றால் அதில் இந்தச் சோலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். அவலாஞ்சி போங்கள். ஊட்டியிலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம். 1800களின் தொடக்கத்தில் பெரிய மண்சரிவு நடந்ததால் வந்த பெயர் அது. வனத்துறை வாசலுக்கு அப்பால் நம் வண்டி போகாது, அவர்கள் வண்டியில்தான் உள்ளே போக வேண்டும். அப்பாவுக்கு அது வசதியும்கூட. கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். பலத்த மழையிலும் காட்டுத்தீக் காலத்திலும் மூடிவிடுவார்கள்.

வண்டி நிற்கும் இடத்தில் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் நின்று பாருங்கள். சோலைக்குள்ளிருந்து யாரோ சிரிப்பது மாதிரி ஒரு கூச்சல் வரும். நீலகிரிச் சிரிப்பான் குருவி. உலகத்திலேயே இந்த மலையிலும் சுற்றுவட்டத்திலும் மட்டும்தான் அது இருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம் லாங்வுட் சோலை என்று ஒன்று, 116 ஹெக்டேர். சுற்றியிருக்கும் கிராமங்களுக்குக் குடிநீரே அதிலிருந்துதான். 2024இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஊருக்கு ஒட்டியே இவ்வளவு பெரிய சோலை மிஞ்சியிருக்கிறதென்றால் அங்கேயுள்ள மக்கள் காவல் காத்ததுதான் காரணம். உள்ளே போக வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மரத்தூள்:

இவ்வளவு எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த உத்தரங்கள் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "தேக்கா?" என்று கேட்டார். தேக்குதான் என்று எங்கோ படித்த ஞாபகம், நேரில் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். இப்போது அவர்தான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு சந்தேகம். சல்லிவன் முதலில் வந்தது ஊட்டிக்குத்தானே? அப்புறம், தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போகலாமா? போவது அவர்களுக்குத் தொந்தரவா?

குன்னூர்வாசி:

முதலில் வந்தது கோத்தகிரிக்குங்க. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தபோது 1819இல் ஏறி வந்தார். கன்னேரிமுக்கு கிராமத்தில் அவர் கட்டிய வீடு இப்போதும் இருக்கிறது. சீர்செய்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள், உள்ளே பழைய படங்களும் ஆவணங்களும் உண்டு. கூட்டமே இருக்காது. கோத்தகிரியிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். அங்கே போனால் அப்படியே கொடநாடு காட்சிமுனைக்கும் போய்விடுங்கள். கீழே மாயாறு பள்ளத்தாக்கு ஒரு பெரிய பிளவாகத் தெரியும். படி அதிகமில்லை, அப்பாவுக்குச் சரியாக வரும். கேத்தரின் அருவியைத் தூரத்திலிருந்து பார்த்தாலே அழகு, கீழே இறங்க வேண்டாம்.

மந்து பற்றி: பூங்காவுக்கு மேலேயே ஒன்று இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் இடம், அதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போங்கள். படம் எடுப்பதற்கும் கேளுங்கள். கோயில் பக்கம் போகக் கூடாது. அரைவட்டமாக வளைந்த அந்தப் பழைய வீடுகளை அப்பா நிச்சயம் பார்க்க வேண்டும். மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டி மேலே புல் வேய்ந்தது. வாசல் தவழ்ந்து போகும் அளவுதான். வாங்க விரும்பினால் அவர்கள் கையால் போட்ட பூத்தையல் சால்வையை அவர்களிடமே வாங்குங்கள். வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்பும். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது.

காட்டெருமையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டத்து ரோட்டிலேயே நிற்கும். சாதுவாகத்தான் தெரியும். கிட்டே போய்ப் படம் எடுக்கப் போனவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். அது நகரும் வரை வண்டிக்குள்ளேயே இருங்கள், ஹார்ன் அடிக்கச் சொல்லாதீர்கள்.

பல்சக்கரம்:

வண்டி பிடித்தால் டிரைவரிடம் இரண்டு விஷயம் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு இரண்டே இடம், கடை எதுவும் வேண்டாம். நல்லவிதமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். மசினகுடி போக ஆசைப்பட்டு கல்லட்டி வழியாக இறங்கலாமா என்று கேட்காதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை. நிறைய உயிர் போன பாதை.

மரத்தூள்:

போய் வந்துவிட்டோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில். இடப்பக்கம் சீட்டு கிடைத்தது. கல்லாறில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி, பிறகு 'கடக் கடக்' என்று சத்தம் மாறியது. பல் பிடித்துவிட்டது என்று அப்பாவே சொன்னார். ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது இறங்கிப்போய், குனிந்து அந்தச் சட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மசகு படிந்து கறுப்பாகப் பளபளத்தது. விரலை நீட்டித் தொடப்போனவரை நான்தான் பிடித்து இழுத்தேன். "கழுந்தும் துளையும் மாதிரிடா. நாம ஒரு தடவை அடிச்சு இறக்கினா அதோட நிக்கும். இவன் நிமிஷத்துக்கு நூறு தடவை இறக்கி எடுக்கறான்" என்றார்.

மறுநாள் காலை ஆலயம். உள்ளே நாங்கள் இருவரும் ஒரு பெரியவரும் மட்டும்தான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தார். நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலிக்குமே என்று பெஞ்சில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கையை விரித்துச் சாண் கணக்கில் காற்றிலேயே அளந்தார், அகலம் ஒரு பக்கம், கனம் ஒரு பக்கம். அப்புறம் மெதுவாகக் கணக்குப் போட்டார். ஒரு உத்தரத்தைத் தூக்க எத்தனை ஆள், பிரிக்கும்போது பிளக்காமல் இருக்க எந்தப் பக்கம் முட்டுக் கொடுத்திருப்பார்கள், மலைப்பாதை வளைவில் இவ்வளவு நீளத்தை எப்படித் திருப்பியிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக. யானை இழுத்ததைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. "யானை இழுத்துரும். திருப்பினவன் யாரு? அவன் பேரு எங்கயாவது போட்டிருக்கா?" என்று கேட்டார். சுவரில் இருந்த கல்வெட்டுப் பலகைகளை எல்லாம் படித்துக் காட்டினேன். துரைமார்கள் பெயர், அவர்கள் குடும்பத்தார் பெயர். தச்சர் பெயர் ஒன்றுகூட இல்லை.

அங்கேயே ஒன்றேகால் மணி நேரம் இருந்தோம். கல்லறைத் தோட்டத்துக்குச் சரிவில் பாதிதான் இறங்கினார், வழுக்கியது. நூலகத்தை வெளியே நின்று பார்த்தோம். கல் பங்களாவை விட்டுவிட்டோம்.

அவலாஞ்சிக்கு இரண்டாம் நாள் மதியம். வனத்துறை வண்டியில் எங்களோடு வந்தவர்கள் கொஞ்சம் சத்தம் போட்டார்கள், ஆனாலும் ஓர் இடத்தில் எல்லோரும் தானாகவே அடங்கிவிட்டார்கள். சோலைக்குள் எட்டிப் பார்த்தால் மரத்துக்கு மரம் பாசி, கிளையெல்லாம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஒரு நேர்ப்பலகை தேறாத மரம் என்று அப்பா சொன்னார். அதனால்தான் தப்பித்திருக்கிறது போல என்றும் சொன்னார். சிரிப்பான் சத்தம் கேட்டது, குருவி கண்ணில் படவில்லை.

மந்துக்கும் போனோம். ஒரு அக்கா வெயிலில் உட்கார்ந்து பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். துணியில் வரைந்து வைக்கவில்லை, இழையை எண்ணி எண்ணித்தான் ஊசியை இறக்கினார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டின் வளைவைப் பற்றிக் கேட்க, அந்த அக்கா மூங்கிலை எப்படி வளைப்பார்கள் என்று கையாலேயே காட்டினார். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கினோம்.

மூன்றாம் நாள் கோத்தகிரிக்குப் போக முடியவில்லை. காலையில் முழங்கால் வீங்கிவிட்டது. குளிர்தான் காரணம். குன்னூர்வாசி சொன்னபடி சாக்ஸ் இருந்தது, முழங்காலுக்கு எதுவும் எடுத்துப்போகவில்லை. வயதானவர்களோடு போகிறவர்கள் முழங்கால் உறையும் வெந்நீர்ப் பையும் எடுத்துக்கொள்ளுங்கள். அறை ஜன்னலிலிருந்து பந்தய மைதானத்தின் உறைபனியைப் பார்த்தார், பத்து மணிக்கு அது காணாமல் போகும் வரை.

வரலாற்று டீச்சர்:

ஆறு முறை போயிருக்கிறேன், திருப்பினவன் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. அடுத்த முறை மாணவிகளிடம் அந்தக் கேள்வியைத்தான் முதலில் வைப்பேன். அப்பாவிடம் சொல்லுங்கள். தேக்குதானா என்று பார்த்தாரா?

மரத்தூள்:

கீழே நின்றே சொல்லிவிட்டார் டீச்சர், தேக்கு என்று. நிறத்தை வைத்தா என்று கேட்டேன். பூச்சு இருக்கும்போது நிறம் பொய் சொல்லும், இத்தனை வருஷம் இந்த ஈரத்தில் வளையாமல் நிற்கிறதே, அதை வைத்துத்தான் என்றார்.

குன்னூர்வாசி:

கோத்தகிரி பாக்கி இருக்குங்க. மார்ச்சில் கூட்டி வாருங்கள், குளிர் குறைந்திருக்கும், மே மாதக் கூட்டமும் ஆரம்பித்திருக்காது. கன்னேரிமுக்கு வீட்டில் மேலே பார்க்க மரவேலை உண்டு.

மரத்தூள்:

கேட்டேன். முழங்கால் உறை வாங்கி வைத்துவிடு என்கிறார்.